பட்டமும் பயிற்சியும் ஒரே பாதையில்

(ஊராட்சி உறுப்பினர்களும் உழவர்களும் கூடிய அவையில் நிகழ்த்திய உரை)



விதையைப் பற்றியும் உரத்தைப் பற்றியும் பேச வேண்டிய இடத்தில், கல்லூரிப் படிப்பைப் பற்றியும் தொலைத்தொடர்பு வலையமைப்பைப் பற்றியும் பேச வந்திருக்கிறோமே என்று தங்களுள் சிலர் எண்ணக்கூடும். ஆயினும் இப்பொருள் நம் ஊர்களுக்கு அயலானதன்று. வயலோரத்துக் கம்பங்களின் மேலும் சாலையோரத்து மண்ணின் கீழும் கண்ணாடி இழைக் கேபிள் ஓடத் தொடங்கிவிட்டது. நம் வீட்டுப் பிள்ளைகளோ பட்டம் பெற்ற பின்னும் வேலைக்குக் காத்திருக்கிறார்கள். இவ்விரண்டும் ஒரே ஊரில் இருந்தும் ஒன்றையொன்று சந்திக்கவில்லை. இவற்றை எவ்வாறு சந்திக்கச் செய்வது என்பதே இன்று நாம் ஆராய வேண்டிய செய்தி.

கிராம ஊராட்சிகளைக் கண்ணாடி இழையால் இணைக்கும் திட்டத்திற்கு மத்திய அரசு 2011-ஆம் ஆண்டு அக்டோபரில் ஒப்புதல் வழங்கியது. பின்னர் 'பாரத்நெட்' என்று அது பெயர் பெற்றது. தமிழ்நாட்டில் 12,525 கிராம ஊராட்சிகளை இணைப்பதை நோக்கமாகக் கொண்டு, தமிழ்நாடு கண்ணாடி இழை வலையமைப்பு நிறுவனம் 2022-ல் பணியைத் தொடங்கியது. ஊராட்சி ஒவ்வொன்றுக்கும் நொடிக்கு 1 கிகாபிட் வேகம் என்பது அதன் குறிக்கோள். இத்துணைப் பெரிய பணியில் நம் ஊர் இளைஞர்களுக்குக் கிடைக்கும் இடம் எது? பெரும்பாலும் குழி தோண்டுவதும் கேபிள் இழுப்பதுமே. கேபிள் எவ்வழியே செல்ல வேண்டும், எங்கே பிரிய வேண்டும், எத்தனை வீடுகளுக்குப் போதும் என்று முடிவு செய்யும் வேலை எங்கோ ஒரு நகரத்து அறையில் நடைபெறுகிறது. அந்த வேலைக்குத்தான் வலையமைப்பு வடிவமைப்பு என்று பெயர்.

உழைப்பு தாழ்ந்தது என்று நாம் கூறவில்லை. மண்வெட்டி பிடித்த கைகளின் முன் நின்று அவ்வாறு கூற யாருக்குத்தான் மனம் வரும்? ஆனால் குழி தோண்டியவன் தோண்டுபவனாகவே நின்றுவிடுவதும், பட்டம் பெற்றவன் அந்தக் குழியைப் பாராமலே இருந்துவிடுவதும் ஊருக்கும் நன்றன்று, தொழிலுக்கும் நன்றன்று. இதனைத் தாங்களே போட்டுப் பார்க்கக்கூடிய ஒரு கணக்கினால் விளக்குவோம்.

கண்ணாடி இழையில் செல்லும் ஒளி தூரம் செல்லச் செல்ல மங்கும். அம்மங்கலை டெசிபல் என்னும் அளவால் குறிப்பர். வீடுகளுக்கு இணைப்பு வழங்கப் பரவலாகப் பயன்படும் 'ஜிபான்' முறையில், அனுப்பும் கருவிக்கும் வீட்டுக் கருவிக்கும் இடையே பொதுவாக 28 டெசிபல் வரை இழப்பைத் தாங்கலாம். இப்போது, அனுப்பும் நிலையத்திலிருந்து 12 கிலோமீட்டர் தொலைவில் உள்ள ஒரு குக்கிராமத்தை எடுத்துக்கொள்வோம். கிலோமீட்டருக்கு 0.35 டெசிபல் வீதம் கேபிளில் 4.2 டெசிபல் போய்விடும். ஓர் இழையின் ஒளியை 32 வீடுகளுக்குப் பகிர்ந்தளிக்கும் 'ஸ்பிளிட்டர்' என்னும் சிறு கருவியில் ஏறக்குறைய 17.5 டெசிபல் போகும். இழையை உருக்கி ஒட்டிய இடங்கள் எட்டு என்றால், ஒன்றுக்கு 0.1 வீதம் 0.8. செருகும் முனைகள் நான்கு என்றால், ஒன்றுக்கு 0.5 வீதம் 2. எல்லாவற்றையும் கூட்டினால் 24.5 டெசிபல். தாங்கக்கூடிய 28-இல் இது போக மிச்சம் 3.5.

நகரத்து அறையில் இருந்து வரையும் ஒருவர், 32 வீடுகளுக்குப் பதிலாக 64 வீடுகளுக்குப் பகிர்ந்தால் செலவு குறையுமே என்று எண்ணுகிறார். வீடுகள் இரு மடங்கானால் மேலும் 3.5 டெசிபல் இழப்பு ஏற்படும். கூட்டினால் சரியாக 28. காகிதத்தில் இது பிழையன்று. தேர்வுத் தாளாயின் முழு மதிப்பெண்ணும் கிடைக்கும். ஆனால் ஊரில் நிகழ்வது என்ன? மழைக்காலத்திற்கு முன் வாய்க்கால் தூர்வார வந்த பொக்லைன் எந்திரம் ஒரு நாள் கேபிளை அறுத்துவிடுகிறது. இடையில் ஒரு துண்டு வைத்து இரு முனைகளிலும் ஒட்டுகிறார்கள். நன்றாக ஒட்டினாலும் 0.2 டெசிபல் கூடும். புழுதியிலும் வெயிலிலும் அவசரமாக ஒட்டினால் அதனினும் பன்மடங்கு கூடும். கம்பத்தில் கேபிளை இறுக வளைத்துக் கட்டினால் அங்கும் ஒளி கசியும். மிச்சமே இல்லாத கணக்கு முதல் வெட்டிலேயே முறிந்துபோகிறது. தொலைவில் உள்ள வீடுகளில் இணைப்பு வருவதும் போவதுமாக இருக்கும்.

கடைமடைக்கு நீர் போய்ச் சேருமா என்பதைத் தலைமடையில் நின்றுகொண்டு சொல்ல இயலாது என்பது தங்களுக்குத் தெரியாததன்று. வாய்க்கால் எங்கே கசியும், எங்கே கரை உடையும் என்று நடந்து பார்த்தவனே சொல்ல வல்லவன். ஆனால் நடந்து பார்த்தவனுக்கும் மதகின் அளவைக் கணக்கிடத் தெரிந்திருக்க வேண்டுமன்றோ? அந்த 3.5 டெசிபலை மிச்சம் வைக்கலாமா, செலவிடலாமா என்று முடிவு செய்பவருக்குக் கல்லூரியின் கணக்கும் வேண்டும், களத்தின் அனுபவமும் வேண்டும். இரண்டும் ஒருவரிடமே இருத்தல் வேண்டும்.

இன்னும் ஒன்று. ஊராட்சிகளை ஒரே வரிசையில் ஒன்றன்பின் ஒன்றாகக் கோத்தால், இடையில் ஓரிடத்தில் அறுந்தாலும் அதற்கு அப்பால் உள்ள அத்தனை ஊர்களும் இருளில் ஆழும். ஆகவே 2023-ஆம் ஆண்டு ஆகஸ்டில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் வழங்கிய திருத்திய பாரத்நெட் திட்டம், வரிசைக்கு மாறாக வளைய அமைப்பை மேற்கொண்டது. வளையத்தில் ஒரு பக்கம் அறுந்தால் செய்தி மறுபக்கமாகச் சென்று சேரும். நல்ல ஏற்பாடுதான். ஆனால் வளையத்தின் இரு பக்கங்களும் ஒரே பாலத்தைக் கடந்து சென்றால் என்ன ஆகும்? வரைபடத்தில் அவை இரண்டு கோடுகள். ஆற்றில் வெள்ளம் வந்து பாலம் சேதமுற்றால் இரண்டும் ஒன்றாகவே போய்விடும். அந்தப் பாலம் ஒன்றுதான் என்பதும், ஐப்பசி மழையில் அது எப்படி இருக்கும் என்பதும் நம் ஊர்ப் பிள்ளைக்குத் தெரியும். அவனையோ அவளையோ அந்த வரைபடத்தின் முன் அமரச் செய்ய வேண்டும் என்பதே நம் வேண்டுகோள்.

தொலைத்தொடர்புத் துறையின் வரலாறும் இதனையே உரைக்கிறது. டென்மார்க்கு நாட்டில் எர்லாங் என்னும் கணித அறிஞர் இருந்தார். கோப்பனேகன் பல்கலைக்கழகத்தில் பட்டம் பெற்று ஆசிரியராக இருந்த அவர், 1908-ல் அந்நகரத் தொலைபேசி நிறுவனத்தில் பணியில் சேர்ந்தார். ஏணி சுமந்து ஒரு தொழிலாளி உடன்வர, தெருக்களின் அடியில் இருந்த கேபிள் குழிகளுக்குள் தாமே இறங்கி மின்னோட்டத்தை அளந்து வந்தார். மக்கள் பேசுவதற்கு எத்தனை தடங்கள் போதும் என்பதைக் கணக்கிட 1909-லும் 1917-லும் அவர் வெளியிட்ட முறைகள், உலகெங்கும் தொலைபேசி வலையமைப்புகளுக்கு அடிப்படையாயின. பேச்சுப் போக்குவரத்தின் அளவைக்கு இன்றும் அவர் பெயரே வழங்குகிறது. பட்டம் பெற்றவர் குழிக்குள் இறங்கியதால் பட்டத்தின் பெருமை குறைந்துவிடவில்லை.

தனி மனிதர் ஒருவரின் ஆர்வத்தால் நிகழ்ந்த இதனை ஒரு கல்வி முறையாகவே ஆக்கிக் காட்டியது ஜெர்மனி. அந்நாட்டின் ஸ்டுட்கார்ட் நகரில் 1972-ல் மூன்று நிறுவனங்கள் கூடி ஒரு திட்டம் வகுத்தன. மோட்டார் வண்டி செய்யும் டைம்லர் பென்ஸ், மின்கருவிகள் செய்யும் போஷ் ஆகியவற்றோடு மூன்றாவதாக நின்றது, தொலைபேசிக் கருவிகள் செய்த ஸ்டாண்டர்டு எலெக்ட்ரிக் லோரன்ஸ் என்னும் நிறுவனம். அறிவு மிக்க மாணவர்கள் எல்லாரும் பல்கலைக்கழகம் சென்றுவிட, தொழிலறிவோடு கூடிய ஆட்கள் தங்களுக்குக் கிடைக்கவில்லையே என்பது அவர்கள் கவலை. 1974-ல் அம்மாநில அரசு அத்திட்டத்தைத் தன் கல்விக்கழகமாக ஏற்றுக்கொண்டது. 2009-ல் அது பல்கலைக்கழக நிலைக்கு உயர்ந்தது. ஏறக்குறைய மூன்று மாதம் வகுப்பறை, மூன்று மாதம் நிறுவனம் என்று மாணவர் மாறி மாறிப் பயில்வர். மூன்றாண்டுகளும் நிறுவனம் அவர்களுக்கு ஊதியம் தரும். இங்கிலாந்திலும் 2015-ல் பட்டத்தோடு இணைந்த தொழிற்பழகுநர் முறை தொடங்கியது. அங்கே பயில்பவர் நிறுவனத்தின் ஊழியரே. கல்லூரிக் கட்டணத்தை நிறுவனமும் அரசும் ஏற்கின்றன. மாணவர் கடன் வாங்க வேண்டுவதில்லை.

நம் நாட்டின் நிலை என்ன? தொழிற்பழகுநர் சட்டம் 1961-ல் இயற்றப்பட்டது. முதலில் அது பட்டறைத் தொழில்களையே நோக்கியது. 1973-ல் செய்த திருத்தம் பொறியியல் பட்டதாரிகளையும் பட்டயம் பெற்றோரையும் அதனுள் கொண்டுவந்தது. தென்மாநிலங்களில் இவர்களுடைய பயிற்சியைக் கவனிக்கும் தொழிற்பழகுநர் பயிற்சி வாரியம் சென்னையில் தரமணியில் இருக்கிறது. கோவை பி.எஸ்.ஜி. தொழில்நுட்பக் கல்லூரி போன்ற சிலவற்றில், படிப்பின் இடையிடையே தொழிற்சாலைப் பயிற்சி அமைந்த 'சாண்ட்விச்' படிப்பும் உண்டு. ஆயினும் பெரும்பாலோர்க்குப் பயிற்சி என்பது பட்டம் பெற்ற பிறகு வரும் தனிப் படியாகவே இருந்து வந்தது. 2020-ல் பல்கலைக்கழக மானியக் குழு, பட்டப்படிப்பின் உள்ளேயே பயிற்சியை அமைக்க வழிகாட்டு நெறிகளை வெளியிட்டது. 2025-ல் அவை மேலும் விரிவாக்கப்பட்டன. மூன்றாண்டுப் படிப்பில் ஒரு பருவம் முதல் மூன்று பருவங்கள் வரையிலும், நான்காண்டுப் படிப்பில் இரண்டு முதல் நான்கு பருவங்கள் வரையிலும் பயிற்சியில் கழிக்கலாம். அப்பயிற்சியும் பட்டத்திற்குரிய மதிப்பீட்டில் சேரும். எல்லாக் கல்லூரிகளும் இதனை நடத்துவதில்லை. நடத்தாத கல்லூரியில் பயின்றவர், பட்டம் பெற்ற பின் ஓராண்டுப் பழகுநராகச் சேரும் பழைய வழி இருக்கவே இருக்கிறது.

தொலைத்தொடர்பு வடிவமைப்பில் இவ்வாறு பயில்பவர் செய்வது என்ன என்று தாங்கள் கேட்கலாம். முதலில் பாதையை நடந்து அளப்பார். சாலை, கால்வாய், மின்கம்பம், குடிநீர்க் குழாய் ஆகியவற்றைக் குறிப்பார். இழையை உருக்கி ஒட்டக் கற்பார். ஒளியை உள்ளே அனுப்பி, அது திரும்பி வரும் நேரத்தைக் கொண்டு எத்தனையாவது மீட்டரில் கேபிள் அறுந்துள்ளது என்று காட்டும் 'ஓ.டி.டி.ஆர்.' கருவியைக் கையாள்வார். பிறகு கணினியில் வரைபடம் வரைவார். பொருள்களின் அளவுப் பட்டியலும் செலவுக் கணக்கும் இடுவார். அடுத்த பத்தாண்டில் ஊர் எப்பக்கம் வளரும் என்று எண்ணிப் பார்த்து இழைகளை ஒதுக்குவார். வகுப்பில் படித்த மின்னணுவியலும் கணிதமும் அங்கே அவருக்குப் பொருள் விளங்கும். இவ்வேலையில் பெண்களுக்குத் தடை ஏதுமில்லை. அளத்தலும் வரைதலும் கணக்கிடுதலும் நம் பெண் பிள்ளைகள் சிறந்து விளங்கக்கூடியவையே.

இனி, நன்மையை மட்டும் கூறிவிட்டுச் செல்வது நேர்மையாகாது. சில உண்மைகளை வெளிப்படையாகக் கூறுகிறோம்.

முதலாவது, பழகுநருக்குக் கிடைப்பது சம்பளமன்று, உதவித்தொகையே. 2019-ல் திருத்திய விதிகள் பட்டதாரிப் பழகுநருக்கு மாதம் 9,000 ரூபாயும், பட்டயம் பெற்றவருக்கு 8,000 ரூபாயும் குறைந்த அளவு என்று வரையறுத்தன. அவற்றை உயர்த்துமாறு 2025-ல் மையத் தொழிற்பழகுநர் மன்றம் பரிந்துரை செய்தது. சேரும் காலத்தில் நடப்பில் உள்ள தொகையைக் கேட்டறிந்துகொள்ளுதல் நலம். எவ்வாறாயினும், பெருநகரத்தில் அறை வாடகையும் உணவும் போக வீட்டுக்கு அனுப்ப மிச்சம் இராது. ஆகவே மாவட்டத்திற்குள்ளேயே பயிற்சியிடம் கிடைக்குமா என்று முதலில் முயலுங்கள்.

இரண்டாவது, பயிற்சி முடிந்தால் அந்நிறுவனம் வேலை தந்தே தீர வேண்டும் என்று சட்டம் கூறவில்லை. கையில் தொழிலும் சான்றும் இருக்கும். அவற்றைக் கொண்டு வேறிடத்தில் வேலை தேடலாம். வெறும் பட்டத்தோடு தேடுவதைக் காட்டிலும் இது வலுவான நிலை. ஆயினும் இது உறுதிச்சீட்டு அன்று.

மூன்றாவது, பயிற்சி என்ற பெயரில் மலிவான கூலி வேலை வாங்கும் இடங்களும் உண்டு. பொறியியல் படிக்கும் பிள்ளையை ஓராண்டு முழுதும் கேபிள் உருளை தள்ளவிட்டு, வரைபடத்தின் பக்கமே அண்டவிடாமல் அனுப்பிவிடுவார்கள். ஆகவே கையெழுத்திடுமுன் பெற்றோர் ஐந்து கேள்விகள் கேட்க வேண்டும். ஒப்பந்தம் சட்டப்படி பதிவு செய்யப்படுமா? உதவித்தொகை வங்கிக் கணக்கில் வருமா? எந்த மாதத்தில் என்ன கற்பிக்கப்படும் என்று எழுத்தில் தருவார்களா? இப்பயிற்சியைக் கல்லூரி பட்டத்தில் சேர்க்குமா? கம்பம் ஏறும் வேலைக்குப் பாதுகாப்பு வாரும் தலைக்கவசமும் கொடுத்து, மின்சாரம் நிறுத்தப்பட்ட பின்னரே ஏற்றுவார்களா? இவற்றிற்கு நேரான விடை கிடையாத இடத்தில் பிள்ளையை ஒப்படைக்க வேண்டாம். பழகுநரின் உடல்நலம், பாதுகாப்பு, விபத்து இழப்பீடு ஆகியவற்றைப் பற்றிச் சட்டம் பேசுகிறது. கேட்பது நம் உரிமையே.

பெற்றோர்க்கு இன்னொரு சொல். "இவ்வளவு செலவு செய்து படிக்க வைத்தது கம்பத்தடியில் நிற்பதற்கா?" என்ற கேள்வியைப் பல வீடுகளில் கேட்கிறோம். அந்த வேதனை எங்களுக்குப் புரியாமல் இல்லை. நிலத்தை அடகு வைத்துக் கட்டிய கட்டணம் அது. பிள்ளையாவது நிழலில் வாழட்டும் என்ற ஆசை அது. ஆனால் எண்ணிப் பாருங்கள். நாற்றங்காலைப் பார்த்திராத ஒருவர் வேளாண்மை அலுவலராக வந்து நின்றால் அவர் சொல்லை நாம் மதிக்கிறோமா? களத்தில் நின்று கற்ற ஓராண்டு, அந்தப் பிள்ளை வாழ்நாளெல்லாம் மேசையில் அமர்ந்து இடும் கையெழுத்துக்கு மதிப்புத் தரும். படிப்பு முடியட்டும், பிறகு பார்க்கலாம் என்று விட்டுவிட்டால், அந்தப் 'பிறகு' பல வீடுகளில் இரண்டு மூன்று ஆண்டுகளாக நீண்டுவிடுகிறது.

ஊராட்சி உறுப்பினர்கள் செய்யத்தக்கவை நான்கு உள. பழகுநர் இடங்கள் பற்றிய அறிவிப்புகளைக் கிராம சபையில் படித்துக் காட்டுங்கள்; ஊராட்சி அலுவலகப் பலகையில் ஒட்டுங்கள். பன்னிரண்டாம் வகுப்பு முடிக்கும் பிள்ளைகள், கல்லூரியைத் தேர்ந்தெடுக்கும்போதே பயிற்சியோடு இணைந்த படிப்பு அங்கே உண்டா என்று கேட்குமாறு அறிவுறுத்துங்கள். நம் ஊரில் கேபிள் பணி நடக்கும்போது, அளக்க வரும் குழுவோடு ஊரில் பயிலும் மாணவர் ஒருவரைச் சேர்த்துக்கொள்ளுமாறு கேளுங்கள். குழாய்ப் பாதை, சிறுபாலம், மழையில் மூழ்கும் இடம் ஆகியவற்றை அவர்களுக்குக் காட்டிக் கொடுங்கள். நான்காவதாக, ஊராட்சிப் பணிக்கு மண் தோண்டுமுன், அங்கே கேபிள் உண்டா என்று அறிந்து தோண்டச் செய்யுங்கள். இதற்கென்றே, 'தோண்டுமுன் அழை' என்று பொருள்படும் பெயரில் மத்திய அரசு 2023-ஆம் ஆண்டு மார்ச்சில் ஒரு செயலியைத் தொடங்கியது. ஒரு மணி நேர அவசரத்தில் அறுபடும் கேபிள், ஓர் ஊரின் பள்ளியையும் கூட்டுறவு சங்கத்தையும் பல நாள் முடக்கிவிடும்.

பெரியோர்களே! சாலை வந்தபோது அதனைப் போட்டவர்கள் வெளியூரார். மின்சாரம் வந்தபோதும் பெரும்பாலும் அவ்வாறே. நாம் பயன்பெற்றோம், ஆனால் அவை பழுதுற்ற போதெல்லாம் வெளியூராரின் வருகைக்குக் காத்திருந்தோம். இப்போது வந்துகொண்டிருக்கும் இந்த இழையையாவது, அமைக்கவும் காக்கவும் விரிக்கவும் அறிந்தவர்கள் நம்மிடையிலிருந்தே தோன்ற வேண்டும். அதற்குப் பட்டம் மட்டும் போதாது. கைப்பழக்கம் மட்டும் போதாது. இரண்டையும் ஒரே பாதையாக்கும் வழி இப்போது திறந்திருக்கிறது. இவ்வாண்டு பள்ளி இறுதித் தேர்வு எழுதும் பிள்ளைகள் தங்கள் ஊராட்சியில் எத்தனை பேர் என்று, ஊர் திரும்பியதும் எண்ணிப் பாருங்கள். அவர்கள் வீடுகளுக்குச் சென்று இதனைச் சொல்லுங்கள். இப்பேச்சினால் விளையத்தக்க பயன் அதுவே.